லாரி ஓட்டப் போகுமுன் போட வேண்டிய கணக்கு

என் அக்காள் மகன், நூற்பாலையில் பார்த்துவரும் வேலையை விட்டுவிட்டு லாரி ஓட்டப் போவதாகச் சொல்கிறான். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் இது வியப்புக்குரிய முடிவு அன்று. பாடி கட்டும் பட்டறைகளும் லாரி ஆபீசுகளும் நிறைந்த ஊர்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது கண்ணெதிரே உள்ள தொழில். லாரி ஆபீஸ் ஒன்றில் பல ஆண்டுகள் கணக்கு எழுதியவன் என்ற முறையில் அவனுக்குச் சொன்னவற்றை, அவனைப் போல யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும் எழுதிவைக்கிறேன்.

மாதம் எவ்வளவு வரும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வடநாட்டு லைனில் ஓடும் ஓட்டுநருக்கு மாதக் கணக்கு பொருந்தி வராது. வாடகையில் இத்தனை விழுக்காடு என்றோ, கிலோமீட்டருக்கு இவ்வளவு படி என்றோ, அவருடைய வருமானம் நடைக்கு நடை, அதாவது போய்த் திரும்பும் ஒவ்வொரு பயணத்துக்கும், மாறும். பேச்சுக்கு ஒரு நடையில் 22,500 ரூபாய் கையில் நிற்பதாகவும், வீட்டைவிட்டுக் கிளம்பித் திரும்ப 18 நாள் ஆவதாகவும் வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 1,250 ரூபாய் விழுகிறது. ரிட்டர்ன் லோடு, அதாவது திரும்பி வரும்போது ஏற்றச் சரக்கு, கிடைக்காமலும், சரக்கு இறக்குமிடத்தில் வரிசையில் நின்றும் அதே நடை 25 நாளாக நீண்டால், அது 900 ரூபாயாகக் குறைந்துவிடும். காத்திருக்கும் நாளிலும் சாப்பாடு, குளியல், தேநீர்ச் செலவு உண்டு. அந்த நாட்களுக்குச் சரக்குக்காரர் ஹால்டிங் என்னும் காத்திருப்புத் தொகை கொடுத்தாலும், அதில் ஓட்டுநருக்குப் பங்கு உண்டா என்பதை முதலாளியிடம் முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்வது நல்லது. இந்த ஒரு பேச்சைத் தவிர்த்ததால் வந்த மனக்கசப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வண்டியிலேயே கழியும் நேரத்தை நாளுக்கு 12 மணி என்று கொண்டால், 900 ரூபாய் என்பது மணிக்கு 75 ரூபாய்தான். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வரும்வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்திருந்தாலும், அதுவும் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே பொருந்தியது. ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் முதலாளிகளிடம்தான் நம் பக்கத்து ஓட்டுநர்கள் பெரும்பாலும் வேலை பார்க்கிறார்கள்; அங்கே வருங்கால வைப்பு நிதியோ ஈ.எஸ்.ஐ.யோ எதிர்பார்க்க முடியாது. ஆகவே நூற்பாலைச் சம்பளத்தோடு ஒப்பிடும்போது, அங்கே பிடித்தம் செய்யப்பட்டுச் சேரும் தொகையையும், இங்கே சொந்தப் பணத்தில் எடுக்க வேண்டிய விபத்துக் காப்பீட்டையும் மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அடுத்தது டீசல். லோடோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு 1,000 கிலோமீட்டருக்கு 250 லிட்டர் ஆகும். லிட்டர் 92 ரூபாய் என்றால் 23,000 ரூபாய். மைலேஜ் மூன்றரையாக இறங்கினால் ஏறத்தாழ 3,300 ரூபாய் கூடுகிறது. நடைச் செலவை மொத்தமாகப் பேசிக் கொடுக்கும் இடங்களில் மிச்சமும் குறைவும் ஓட்டுநருடையவை என்பதால், பக்குவமாக ஓட்டத் தெரிந்தவருக்கு இதுவே நல்ல வருமானம். புதியவருக்கு இதுவே இழப்பு. ஓவர்லோடு விஷயத்தில் இன்னும் கண்டிப்பு தேவை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாய். அது யார் கணக்கில் எழுதப்படும் என்று தெரியாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

உரிமம் பெறுவதற்கும் காலம் பிடிக்கும். கனரக வாகனப் பழகுநர் உரிமம் கேட்பதற்கு 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். இலகுரக வாகன உரிமம் ஓராண்டாவது கையில் இருந்திருக்க வேண்டும். சரக்கோடு சேர்த்து மொத்த எடை 7,500 கிலோ வரையிலான வண்டியை இலகுரக உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிப்படுத்தியிருப்பதால், அந்த ஓராண்டை வீணாக்காமல் சிறிய வண்டியில் ஓடி, தினசரி வரவு செலவை எழுதிப் பழகும்படி அவனிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கு இதுதான் மிகச் சரியான தொடக்கமாகப் படுகிறது.

சில ஆண்டுகள் ஓட்டியபின் சொந்த வண்டி வாங்கிவிடுவேன் என்கிறான். ஆசையில் தவறில்லை, ஆனால் 30 லட்சம் ரூபாய்க் கடனை 11 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 65,200 ரூபாய். வட்டி மட்டும் 9 லட்சத்தைத் தாண்டும். இதற்கு மேல் நேஷனல் பர்மிட்டுக்கு ஆண்டுக்கு 16,500 ரூபாய், இன்சூரன்ஸ், எஃப்.சி. எனும் வண்டித் தகுதிச் சான்று, டயர், சுங்கம் எல்லாம் இருக்கின்றன. சரக்கு இல்லாத மாதத்திலும் தவணை தேதி மாறாது. முன்பணம் சேர்ந்ததும் வண்டியை எடுத்துவிடாமல், அதற்கு மேல் ஆறு மாதத் தவணைக்கு ஈடான 4 லட்சம் ரூபாயாவது தனியாக இருந்தால்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவனுக்கு நான் சொன்ன நிபந்தனை.