பொங்கல் லீவும் செத்துப்போன தாங்கியும்

பொங்கலுக்கு 4 நாள் லீவு முடிந்து வந்த அன்றே அந்தத் தப்பைச் செய்தேன். தேங்கிக் கிடந்த சாயத் தண்ணீர் முழுவதையும் ஒரே தடவையில், காற்றடித்து நுண்ணங்கிகளை வளர்த்து அழுக்கைத் தின்னவைக்கும் காற்றூட்டும் தாங்கிக்குத் திறந்துவிட்டேன். ஹட்டன் பக்கம் துணிக்குச் சாயமிடும் பெக்டரி ஒன்றில் கழிவுநீர்ப் பகுதி என் பொறுப்பு.

மறுநாள் காலை தாங்கி முழுக்க வெள்ளை நுரை. ஒரு லீற்றர் அளவுச்சாடியில் மொண்டு வைத்தேன். வழக்கமாக 30 நிமிடத்தில் நுண்ணங்கிகள் திரண்ட கபிலச் சேறு 250 மில்லிலீற்றர் கோட்டுக்கு இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். அன்று ஒன்றும் இறங்கவில்லை. மண் வாசனையையும் காணோம். 4 நாள் பட்டினி கிடந்த நுண்ணங்கிகள்மேல் அவ்வளவு சாயத்தையும் கொட்டினால் எப்படித் தாங்கும்?

"சாணியைக் கரைச்சு ஊத்துங்க தம்பி" என்றார் பழைய ஓப்பரேட்டர் அண்ணன். லயத்து மாட்டுப் பட்டியிலிருந்து வாளி வாளியாக வந்தது. காற்றூட்டும் தாங்கியில் பலனில்லை. மாட்டு வயிற்றுப் பக்டீரியாக்கள் பெரும்பாலும் ஒட்சிசன் இல்லாமல் வாழ்பவை. மிச்சத்தைக் காற்றுப்படாத முதல் தாங்கியில் ஊற்றினோம். இரண்டு வாரத்தில் நிறம் வெளிறியது. நாங்கள் போடும் அசோ வகைச் சாயத்துக்கு நிறம் கொடுக்கும் நைதரசன் பிணைப்பு நன்றாக அறுவது காற்றில்லாத அங்கேதான்.

"அதுதான் தெளிஞ்சிருச்சே, ஓடைக்கு விட்டுறலாமே" என்றார் மானேஜர். இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். பிணைப்பு அறுந்தால் அரோமற்றிக் அமீன்கள் என்ற நிறமில்லாத இரசாயனத் துண்டுகள் மிஞ்சும். கண்ணுக்குத் தெரியாது, அவற்றில் சில, சாயத்தைவிட நச்சு. அவற்றைத் தின்ன ஒட்சிசனில் வாழும் நுண்ணங்கிக் கூட்டம் வேண்டும். எங்கள் ஓடை கெஹெல்கமு ஓயா வழியாகக் களனி கங்கைக்குப் போகிறது. கொழும்பு குடிப்பது அந்தத் தண்ணீரை.

அப்புறம் இதே மாதிரிச் சாயத்துக்குப் பழகிய சேற்றை வேறொரு பெக்டரியிலிருந்து பவுசரில் கொண்டுவந்தோம். முதலில் பத்தில் ஒரு பங்குதான் சாயத் தண்ணீர், மிச்சம் ஹொஸ்டல் சமையலறைத் தண்ணீர். நைதரசனுக்குக் கொஞ்சம் யூரியா. 4 நாளைக்கு ஒருமுறை சாயத்தைக் கூட்டினேன்; சாடியில் கலங்கல் தெரிந்தால் ஒரு படி குறைத்தேன். குளிரில் நுண்ணங்கிகளும் மந்தம்தான்.

ஏழாவது வாரம் நுணுக்குக்காட்டியில் பார்த்தால், காம்பில் மணி தொங்குவது போல வோர்ட்டிசெல்லா என்ற ஒற்றைக்கல உயிர் சுருங்கிச் சுருங்கி நீள்கிறது. சேறு தேறிவிட்டதற்கு அது நல்ல அடையாளம். அண்ணனையும் கூப்பிட்டுக் காட்டினேன். தண்ணீரில் எவ்வளவு அழுக்கு மிச்சம் என்று காட்டும் சிஓடி அளவு லீற்றருக்கு 180 மில்லிகிராமுக்கு வந்திருந்தது. ஓடைக்கு விட வரம்பு 250.

இந்த வருடப் பொங்கலன்று விடியவே வந்து, சமையலறைத் தண்ணீரைக் கொஞ்சம் தாங்கிக்கு விட்டுவிட்டுத்தான் பால் பொங்க வைக்க வீட்டுக்குப் போனேன்.