அம்மாவின் பிரஷர் நோட்டு

நவம்பர் 16, சனி
காலை 154/88. நாடி 86. மறுபடி எடுத்தேன், 152. கருவாடு வீட்டுக்குள் வராமல் இரண்டு வாரம் ஆகிறது.

நவம்பர் 17, ஞாயிறு
பேசிக்கொண்டே இருந்தால் பிரஷர் ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிஷம் சும்மா உட்காரும்மா என்றால், அந்த ஐந்து நிமிஷத்தில்தான் ஊர்க்கதை எல்லாம் ஞாபகம் வரும். இன்று ஒரு வார்த்தை பேசவில்லை. முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கையை மேஜையில் வைத்து, சொன்னபடி உட்கார்ந்தாள். 156/90. பேசியிருந்தால்கூடத் தேவலை.

நவம்பர் 19, செவ்வாய்
மாத்திரை டப்பாவைக் கட்டிலில் கொட்டினேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு அம்லோடிபின் 5, கொழுப்புக்கு ஒன்று. அடியில் பச்சைக் கேப்ஸ்யூல். வைட்டமின் ஈ, 400.

“இது எப்போலேர்ந்தும்மா?”

“ஆயுத பூஜைக்கு வந்தப்ப உன் சித்தி குடுத்தா. கால் குடைச்சலுக்கு நல்லதாம்.”

அந்த அட்டை தீர்ந்ததும் மெடிக்கலில் அம்மாவே வாங்கியிருக்கிறாள். இது நாலாவது அட்டை, ஒன்றுதான் பாக்கி. டாக்டரிடம் சொன்னாயா என்று கேட்டேன். “அது மாத்திரையாடி? சத்துதானே.”

அந்த ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உள்ளே எண்ணெய். சாய்த்தால் ஒரு குமிழி மெல்ல மேலே ஏறுகிறது. கல்யாணத்துக்கு முன்னால் இதைக் குத்திப் பிழிந்து முகத்தில் தடவியிருக்கிறேன்.

நவம்பர் 20, புதன், இரவு 1 மணி
தூக்கம் இல்லை. தேடித் தேடிப் படித்தேன். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் நடந்த ஆய்வு, 2007-இல் வெளியானது. டைப் 2 சர்க்கரை உள்ள 58 பேர். சிலருக்கு தினம் 500 மில்லிகிராம் வைட்டமின் ஈ, சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, 6 வாரம். அவர்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக, வைட்டமின் சாப்பிட்டவர்களுக்கு மேல் அளவு 7 புள்ளி போல ஏறியிருக்கிறது. நாடித்துடிப்பும் கூடியிருக்கிறது. 58 பேர் என்பது சின்னக் கூட்டம்தான். அம்மாவுக்கும் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆயுத பூஜைக்கு முந்தைய பக்கத்தைத் திருப்பினால் 138, 140, 136.

நவம்பர் 21, வியாழன்
நிறுத்தியாச்சு. அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு
பி12 வைட்டமினையும் நிறுத்திவிடு என்று கோபமாகச் சொல்கிறாள். அது வேறம்மா. வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுத்தால் பி12 குறையலாம், ரத்தத்தில் பார்த்துவிட்டு டாக்டர் எழுதினது. சித்தி எழுதினது இல்லை. இதைச் சொல்லியிருக்க வேண்டாம். சித்தி நல்ல மனசோடு கொடுத்தது.

150/88.

நவம்பர் 28, வியாழன்
146/86. நாடி 80. ஒரு நாள் அளவை வைத்துச் சந்தோஷப்படக் கூடாது. சந்தோஷமாக இருக்கிறது.

நவம்பர் 30, சனி
புயல். கரண்ட் இல்லை. மெஷினுக்குப் புது பேட்டரி நேற்றே வாங்கி வைத்தது நல்லதாப் போச்சு. காற்று ஊளையிடும்போது எடுத்தது 158. இதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு
பாண்டியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழையாம். நாளை அங்கேதான் டாக்டர்.

டிசம்பர் 2, திங்கள்
போக முடியவில்லை. அடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்றே தெரியவில்லை. எனக்கு இருக்கிற கவலை ஒன்றுதான். நான் கூட இல்லாத நாளில் யாராவது 156-ஐ மட்டும் பார்த்துவிட்டு அம்லோடிபினை 5-இலிருந்து 10 ஆக்கிவிடக் கூடாது. அதனால் அக்டோபர் பக்கத்தில் பச்சை மையில் எழுதி வைத்தேன்: இங்கே தொடங்கியது. நவம்பர் 21-இல்: இங்கே நின்றது. காலி அட்டையையும் அங்கேயே குத்தி வைத்திருக்கிறேன்.

இரவு 142/84. அம்மாவே பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு கூப்பிட்டாள்.

டிசம்பர் 3, செவ்வாய்
சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணை ஆற்றில் வந்துகொண்டிருக்கிறது. தெருமுனை வரை ஏறிவிட்டது. அரிசி, மாத்திரை டப்பா, மெஷின் எல்லாம் பரணில். இந்த நோட்டையும் பாலிதீன் பையில் போட்டு