பிசிஓஎஸ் என்றார்கள், சாப்பாட்டில் தொடங்கினேன்

மாதவிலக்கு இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. குழந்தையும் தங்கவில்லை. பலதுறை மருந்தகத்தில் காட்டினேன். சிங்கப்பூர் கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தோடு போனால்தான் மானியக் கட்டணம், நேரே போய்விடாதீர்கள்.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை என்றார்கள். அப்புறம் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். நீரிழிவு இல்லை, ஆனால் அதற்கு முந்தைய நிலை.

குழந்தைக்காக வந்தவளுக்குச் சர்க்கரை எதற்கு என்று கேட்டேன். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காவிட்டால் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கும். அந்த மிகுதியான இன்சுலின், சினைப்பையை ஆண் ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும். முட்டை முழுதாக முதிராமல் பாதியில் நின்றுவிடும், வெளியே வராது. ஒல்லியான பெண்களுக்கும் இது வரலாமாம். எடை கூடியவர்களுக்கு 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே பலருக்கு முட்டை வெளியாவது திரும்பிவிடும் என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு உயிரே வந்தது.

உணவு ஆலோசகர் சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. தட்டில் பாதி காய்கறி, பழம். கால் பங்கு பழுப்பரிசிச் சோறு. கால் பங்கு மீன், முட்டை அல்லது பருப்பு. காலைப் பராட்டாவும் கெட்டிப்பால் தேயும் போயின. கோப்பிக்கடையில் தே-ஓ கோசோங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர், கேட்கப் பழகினேன். அத்தைக்குத்தான் வருத்தம்: "இப்படிச் சாப்பிட்டா உடம்பு எப்படிம்மா தேறும்?" மருத்துவர் சொன்னதை அவரிடம் அப்படியே சொன்னேன். அதன்பின் தேக்கா சந்தையில் கீரை வாங்கி வருவது அவர்தான்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கணவரும் நானும் நடப்போம். உடல் இன்சுலினுக்கு இணங்க உதவும் மெட்ஃபார்மின் மாத்திரையும் கொடுத்தார்கள். ஃபோலிக் அமிலம் கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும், பொதுவாகத் தினம் 400 மைக்ரோகிராம்; குழந்தையின் மூளை, தண்டுவடக் குறைபாட்டைத் தடுக்க அது அவசியம். நீரிழிவு இருந்தால் அளவு மாறும், மருத்துவரிடமே கேளுங்கள்.

இப்போது மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது. முட்டை வெளியான பின் கூடும் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோனைப் பரிசோதித்ததில் முட்டை வெளியாவதும் தெரிந்தது. குழந்தை இன்னும் தங்கவில்லை. தேவைப்பட்டால் அடுத்து, முட்டை முதிர்ந்து வெளிவரத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரை என்கிறார் மருத்துவர். மாதவிலக்கு தள்ளிப்போகிறவர்கள் சர்க்கரைப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். கணவரின் விந்தணுப் பரிசோதனையும் கூடவே நடக்கட்டும்.