சந்தை நாள் மாத்திரை: சரவாங்கியோடு முதல் மூன்று மாதம்

பால் கறக்கிறவர்களுக்குச் சரவாங்கி, அதாவது மூட்டுகள் வீங்கி விறைக்கும் முடக்குவாதம், சீக்கிரமே தெரிந்துவிடும். விடிகாலை நாலரைக்கு மாட்டடியில் உட்கார்ந்தால் விரல் மடங்காது, காம்பு பிடிபடாது. சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுத் திரும்பி, ஏழு மணிக்கு மேல் வேலை ஓட ஓட அதே கை இளகிவிடும். "நேரமே எந்திரிச்சா கை வெறச்சுக்குதுங்க, அப்பறம் சரியாப் போயிருதுங்க" என்று சொல்வார்கள். டாக்டரிடம் இதை இப்படியே சொல்லுங்கள். எத்தனை மணிக்கு விறைக்கிறது, எத்தனை மணிக்கு இளகுகிறது என்று நேரத்தோடு சொன்னால் பாதி வேலை முடிந்தது. இதற்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வைத்தியத்தில் முதல் மூன்று மாதத்தைத் தாண்டியவர்களோடு கூடவே இருந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

மூட்டுத் தேய்மானம் வேறு. அது பெரும்பாலும் முழங்காலில் வரும், நடந்தால் கூடும், உட்கார்ந்தால் குறையும், காலை விறைப்பு அரை மணிக்குள் போய்விடும். சரவாங்கி இரண்டு கையையும் சேர்த்துப் பிடிக்கும். மணிக்கட்டு, விரலின் அடிக்கணு, நடுக்கணு வீங்கும். நுனிக்கணு பெரும்பாலும் தப்பிவிடும். விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். கையைக் குலுக்கினாலே கத்துவார்கள்.

ரத்தப் பரிசோதனைக் காகிதத்தில், சரவாங்கிக்காகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிடிவ் என்று பார்த்ததும் இடிந்து போக வேண்டாம். நோயே இல்லாதவர்களுக்கும் அது பாசிடிவ் வரும். நோய் இருப்பவர்கள் சிலருக்கு நெகடிவ்வாகவும் இருக்கும். அதனால்தான் இந்த நோயைக் காட்டும் ஆன்டி சி.சி.பி., உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. எல்லாம் சேர்த்துப் பார்க்கிறார்கள். சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கு மாதக்கணக்கில் இதே மாதிரி வலி இருக்கும் என்பதால், சமீபத்தில் காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

மெத்தோட்ரெக்சேட் ஆரம்பிக்கும் முன் ரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், மஞ்சள் காமாலை பி, சி கிருமிகள், நெஞ்சு எக்ஸ்ரே பார்ப்பார்கள். "கை வலிக்கு நெஞ்சுல எதுக்குங்க படம்?" என்று கேட்காத வீடு இல்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் வைத்தியத்தில் உள்ளே தூங்கும் காசநோய் எழுந்துவிடலாம். மெத்தோட்ரெக்சேட்டால் பின்னால் நுரையீரலில் ஏதாவது வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கவும் அந்தப் படம் வேண்டும். காசநோய்க்கென்றே இருந்த பெருந்துறை சானடோரியத்தை அறிந்த பெரியவர்களுக்குக் காசநோய் என்றாலே பாதி விளக்கம் போதும்.

இனி மாத்திரை. இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போட வேண்டியது. தினமும் போட்டால் வாய் புண்ணாகும், ரத்த அணுக்கள் விழும், உயிரே போகலாம். தப்பு நடக்கும் இடம் எப்போதும் ஒன்றுதான். சீட்டில் 0-0-1 என்று இருக்கும், பக்கத்தில் வாரம் ஒருமுறை என்பது ஆங்கிலத்தில் கிறுக்கலாக இருக்கும். கடையில் அட்டையின் மேல் "ராத்திரி 1" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மகனோ மருமகளோ அதைப் பார்த்துத் தினமும் எடுத்துக் கொடுப்பார்கள். போதாததற்கு, கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமினும் பல கம்பெனிகளில் இதே மாதிரி சின்ன மஞ்சள் மாத்திரை.

அதனால் நாங்கள் சொல்வது: உங்கள் ஊர்ச் சந்தை கூடும் நாளை மாத்திரை நாளாக வைத்துக்கொள்ளுங்கள். எதை மறந்தாலும் சந்தை நாளை யாரும் மறப்பதில்லை. அட்டையின் பின்பக்கம் அழியாத பேனாவில் அந்தக் கிழமையை எழுதுங்கள். மாத்திரையைத் தினசரி மாத்திரை டப்பாவில் போடாமல் தனியாக வையுங்கள். வாரம் ஒரு மாத்திரை என்றால் பத்து மாத்திரை அட்டை பத்து வாரம் வர வேண்டும். சீக்கிரம் தீர்ந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள், வலி இல்லையே என்று காத்திருக்காதீர்கள்.

பொதுவாக வாரம் 7.5 முதல் 15 மில்லிகிராமில் தொடங்குவார்கள். அட்டைகள் 2.5, 5, 7.5, 10, 15 என்று பல அளவில் கிடைக்கும். கடை மாறினால் எண்ணிக்கை மாறும், மொத்த அளவு மாறக் கூடாது. ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் வேறு நாளில், பெரும்பாலும் மறுநாள். குமட்டினால் ராத்திரி சாப்பிட்ட பிறகு போடுங்கள். அப்படியும் தாங்கவில்லை என்றால் ஊசியாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். மறந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் போடலாம். அதற்கு மேல் ஆனால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள், அடுத்த வாரம் இரட்டிப்பாகப் போடவே கூடாது.

முதல் மூன்று மாதம் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். ரத்தத்தில் ஈரல் நொதிகளின் அளவு ஏறினாலும் அணுக்கள் குறைந்தாலும் உடம்புக்குத் தெரியாது, காகிதத்தில்தான் தெரியும். சாராயம் அறவே வேண்டாம். காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமலோடு மூச்சு வாங்குதல் வந்தால் அந்த வார மாத்திரையைப் போடாமல் டாக்டரைப் பாருங்கள். வேறு எதற்காவது ஆன்டிபயாடிக் எழுதினால் "மெத்தோட்ரெக்சேட் போடறனுங்க" என்று முதலில் சொல்லுங்கள். கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் இதோடு சேர்ந்தால் பெரிய ஆபத்து. குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள் மாத்திரை தொடங்கும் முன்பே பேச வேண்டும், கரு உருவானால் அதற்குக் கேடு.

ஆளைச் சோதிப்பது ஆறாவது வாரம்தான். மருந்து வேலை செய்யவே ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். "ஒன்றரை மாசமாச்சுங்க, ஒண்ணும் கேக்கலீங்க" என்று விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பேரில்லாத பொடியை வாங்குவது இந்தச் சமயத்தில்தான். மூன்றாம் நாளே வலி பறந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு கரையும். ஏற்கெனவே பல நாளாகச் சாப்பிட்டிருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள், திட்டுவார் என்று மறைக்காதீர்கள். மருந்து பிடிக்கும் வரையான இடைவெளியைத் தாண்டத்தான் டாக்டரே ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைக் குறைந்த அளவில், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லிக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார். வலி மாத்திரையைக் கடையில் தானாக வாங்கினால் சிறுநீரகத்துக்கு அடி; மெத்தோட்ரெக்சேட்டும் உடம்பில் தேங்கும்.

காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் கையை வைத்து, விரலை மெல்ல மடக்கி நீட்டிவிட்டுக் கறக்கப் போனால் கொஞ்சம் சுளுவு. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு நோயும் கடுமை, மருந்தும் சரியாகக் கேட்காது.

மூன்றாம் மாதம் போகும்போது, விறைப்பு இளகும் நேரத்தை வாரவாரம் எழுதிய தாளைக் கொண்டுபோங்கள். ஏழு மணி என்பது ஐந்தரைக்கு வந்திருந்தால் மருந்து பிடிக்கிறது. வரவில்லை என்றால் அளவை 20, 25 மில்லிகிராம் வரை ஏற்றுவார்கள். அல்லது ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் என்ற மாத்திரைகளைச் சேர்ப்பார்கள். முதலாவதுக்குக் கண் பரிசோதனை உண்டு. இரண்டாவது போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம்.