வன்னித் தண்ணீரும் செவ்வரத்தம்பூவும்: பாடத்திட்டம் மாறும்போது விஞ்ஞான ஆசிரியருக்கு என்ன உதவி வேண்டும்

இலங்கையில் பாடத்திட்டம் மாறப் போகிறது என்றதும் கல்வி வலயத்தில் நடப்பது ஒன்றுதான். ஒரு செயலமர்வு வைப்பார்கள். புரொஜெக்டரில் கட்டங்களும் அம்புக்குறிகளும் ஓடும். மத்தியானம் சோற்றுப் பார்சல், பிறகு கையொப்பம். ஆசிரியர் ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடிப்பார். அடுத்த திங்கட்கிழமை தரம் 6 வகுப்புக்குள் போகிறவருக்கு அந்தக் கோப்பில் இருந்து எடுக்க ஒன்றும் இருக்காது. 2007 இல் தேர்ச்சி மையப் பாடத்திட்டமும், ஈடுபடுத்தலில் தொடங்கி மதிப்பீட்டில் முடியும் ஐந்து படிமுறைக் கற்பித்தலும் வந்தபோதும் இப்படித்தான், 2015 திருத்தத்திலும் இப்படித்தான். இந்தத் தடவை தரம் 6 இன் புதிய பாடம் 2026 இல் தொடங்கும் என்று அறிவித்து, பிறகு 2027 க்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். கையில் கொஞ்சக் காலம் இருக்கிறது. அதை எப்படிச் செலவழிக்கலாம் என்பதுதான் இந்தப் பதிவு. ஆசிரிய ஆலோசகர்களுக்கும், பாடசாலையில் விஞ்ஞானப் பகுதிக்குப் பொறுப்பானவர்களுக்கும் எழுதியது.

முதல் வேலை, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஒரு ஏ4 தாளை அகலப்பாட்டில் வைத்து நான்கு நிரல் கீறுங்கள்: பழைய பாடத்தில் இருந்தது, புதியதில் இருப்பது, எந்தத் தரத்துக்கு நகர்ந்தது, செய்து காட்ட என்ன பொருள் வேண்டும். ஒரு தரத்துக்கு ஒரு தாளும் மறுபக்கமும் போதும். அதற்கு மேல் நீண்டால் யாரும் பார்க்கமாட்டார்கள். இதை ஆலோசகர் நிரப்பிக் கொடுக்கக் கூடாது. ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேராக இருந்து தாங்களே நிரப்பவேண்டும், ஏனென்றால் நிரப்பும்போதுதான் புதிய பாடத்திட்டத்தை முதன்முறையாக வரிக்கு வரி வாசிக்கிறார்கள்.

நிரப்பும்போது தலைப்பைப் பார்க்காமல் வினைச்சொல்லைப் பாருங்கள். தலைப்பு அதேதான் இருக்கும், "அமிலங்களும் மூலங்களும்" என்று. ஆனால் பழையதில் "பெயரிடுவர்" என்றிருந்தது புதியதில் "பரிசோதித்து வகைப்படுத்துவர்" என்று மாறியிருக்கும். அந்த ஒரு சொல் மாறினால் பாடவேளையும் பொருளும் வினாத்தாளும் மாறவேண்டும். தலைப்பை மட்டும் பார்க்கிறவர் "இதெல்லாம் பழசுதானே" என்று பழைய பாடக்குறிப்பையே கொப்பி பண்ணிவிடுவார். மாறுகாலத்தில் நடக்கும் பிழைகளில் பெரும்பாதி இதுதான்.

மூன்றாவது நிரல் வேறொரு காரணத்துக்காக முக்கியம். 2015 இல் தரம் 6 உம் தரம் 10 உம் ஒன்றாக மாறின. அப்படி இரண்டு இடத்தில் ஒன்றாகத் தொடங்கி ஆண்டுக்கொரு தரமாக மேலே ஏறும்போது, 6 இல் புதியதைத் தொடங்கிய பிள்ளைகள் 10 க்கு வரும்வரை நான்கு தொகுதிப் பிள்ளைகள் பழைய 9 ஐப் படித்துவிட்டுப் புதிய 10 க்குள் நுழைவார்கள். தரம் 10 இல் இருந்த ஒரு பகுதி 8 க்கோ 9 க்கோ இறக்கப்பட்டிருந்தால் அந்த நான்கு தொகுதிக்கும் அது எங்கேயும் கிடைக்காது. சாதாரண தரப் பரீட்சைக்கு நெருங்கித்தான் "சேர், இது எங்களுக்குப் படிப்பிக்கேல்லை" என்று தெரியவரும். ஒரே பாடம் மேலே நகர்ந்திருந்தால் இரண்டு தடவை வரும், அதனால் சேதம் இல்லை, அலுப்பு மட்டும்தான். ஆகவே கீழே இறங்கிய பகுதிகளைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாடவேளை முதலாம் தவணையிலேயே ஒதுக்கிவிடவேண்டும்.

இனி பெரிய வேலை. செயற்பாட்டை ஆசிரியர் தன் கையால் முதலில் செய்து பார்ப்பது. வழிகாட்டி நூல் எல்லா மாவட்டத்துக்கும் ஒன்றாக எழுதப்பட்டது. அது வன்னியில் உள்ள கிளிநொச்சித் தண்ணீரையும் முல்லைத்தீவு வெயிலையும் நினைத்து எழுதப்படவில்லை. ஒன்றை முழுதாகச் சொல்கிறேன்.

பாசிச்சாயத்தாள் (லிற்மஸ்) இல்லாத பாடசாலையில் செவ்வரத்தம்பூவை இயற்கைக் காட்டியாக, அதாவது அமிலமா மூலமா என்று நிறத்தால் சொல்லும் பொருளாகப் பயன்படுத்தலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். 8 சிவப்புப் பூ, புல்லியையும் நடுத்தண்டையும் கிள்ளி எறிந்துவிட்டு இதழ்களை மட்டும் எடுக்கவேண்டும். 150 மில்லிலீற்றர் சுடுதண்ணீரில் போட்டு, கரண்டியால் நசித்து, 10 நிமிடம் மூடி வைத்து, பழைய வேட்டித் துண்டால் வடிக்கவேண்டும். ஊதாச் சிவப்பில் வரவேண்டும். வன்னியில் பல பாடசாலைகளில் வருவது சாம்பல் நீலம், சில கிணறுகளில் பச்சை கலந்தும் வரும். ஆசிரியர் பூ சரியில்லை என்று நினைத்துப் பரிசோதனையையே விட்டுவிடுவார்.

பிழை பூவில் இல்லை, தண்ணீரில். வன்னியில் பல கிணறுகள் வன்னீர், அதாவது கடின நீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதே சாட்சி. அதில் கரைந்திருக்கும் இருகாபனேற்று நீரைக் கொஞ்சம் மூல இயல்பாக்குகிறது. அதைக் கொதிக்க வைத்தால் காபனீரொட்சைட்டு வெளியேறி, பீ.எச். (அமில, மூல இயல்பைக் காட்டும் அளவு) இன்னும் மேலே போகும். அதாவது நாம் பூவை ஊறவைக்க எடுத்த சுடுதண்ணீரே ஒரு மூலம். காட்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, நாங்கள்தான் அதைக் கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் சொல்ல வைத்துவிட்டோம்.

ஆகவே சாறு எடுக்க மழைத்தண்ணீர் அல்லது ஆர்ஓ இயந்திரத்தில் சுத்திகரித்த தண்ணீர். மழைத்தண்ணீரை வெளியில் வாளி வைத்துப் பிடியுங்கள். சீமெந்துக் கூரையில் வழிந்து வந்த தண்ணீர் மறுபடி மூலமாகிவிடும். பற்றறிக்கு விடும் வடிநீரும் நல்லது, ஆனால் கடையில் பற்றறி அமிலமும் அதே மாதிரிப் போத்தலில் இருக்கும், லேபலை இரண்டு தடவை வாசியுங்கள். சாறு மறுநாளே மணக்கத் தொடங்கும், அன்றன்றைக்குச் செய்வதே நல்லது.

வகுப்பில் 36 பேர் என்றால் நான்கு நான்காக 9 குழு. குழுவுக்கு 5 வெள்ளை யோகட் கப், மொத்தம் 45. தெளிவான பிளாஸ்ரிக் கப் வேண்டாம், மேசையின் மண்ணிறம் ஊடே தெரிந்து நிறத்தைக் குழப்பும். ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி திரவம்: தேசிக்காய்ச் சாறு, வினாகிரி, மழைத்தண்ணீர், அப்பச்சோடாக் கரைசல், சவர்க்காரத் தண்ணீர். மேலே அரைத் தேக்கரண்டி பூச்சாறு. 45 கப்புக்கு ஏறத்தாழ 113 மில்லிலீற்றர் முடியும், ஆக 150 போதும். துணியில் ஊறிப் போகிறதையும் கணக்கில் எடுத்துத்தான் சொல்கிறேன். அமிலத்தில் இளஞ்சிவப்பு, மூலத்தில் பச்சை.

சவர்க்காரம் என்றால் உடுப்புத் தோய்க்கும் கட்டி. கோப்பை கழுவும் திரவத்தை எடுத்தால் பல வகைகள் நடுநிலைக்குக் கிட்ட இருப்பதால் பச்சை வராது, பிள்ளைகள் "சவர்க்காரம் மூலம் இல்லை" என்று எழுதிவிடுவார்கள். வெற்றிலைச் சுண்ணாம்பை வைத்தால் பச்சை வந்து கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகும். நிறப்பொருள் சிதைகிறது, அவ்வளவுதான். அதனால் நிறத்தை முதல் நிமிடத்துக்குள் பதியச் சொல்லவேண்டும். சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையால் தொடவிடாதீர்கள், தெளிந்த நீரை ஆசிரியரே ஊற்றட்டும்.

இவ்வளவும் தெரிந்த ஆசிரியர் என்ன செய்வார் என்றால், அந்தத் தோல்வியையே பாடமாக்குவார். ஒரே பூச்சாறு, ஒரு கப்பில் மழைத்தண்ணீர், மற்றதில் பாடசாலைக் கிணற்றுத் தண்ணீர். ஏன் நிறம் வேறு? "ஈடுபடுத்தல்" என்று வழிகாட்டியில் போட்டிருக்கும் முதல் படி இதுதான். கதை சொல்லி, படம் காட்டி, பாட்டுப் பாடி 15 நிமிடம் போக்கத் தேவையில்லை, இரண்டு கப்பை உயர்த்திக் காட்டினால் போதும்.

பாடவேளை 40 நிமிடம் என்று வையுங்கள். கேள்விக்கு 5, கையால் செய்து பதிய 20, ஏன் என்று பேச 10, துடைத்து அடுக்க 5. அந்தக் கடைசி ஐந்தைக் கணக்கில் எடுக்காதவர் அடுத்த பாட ஆசிரியரோடு சண்டைப்படுவார், இரண்டாவது தடவை செய்முறையே வைக்கமாட்டார். ஐந்து படிமுறையும் ஒரே பாடவேளைக்குள் முடியவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. விரிவாக்கலும் மதிப்பீடும் அடுத்த நாளுக்குப் போகட்டும். மேற்பார்வைக்கு வருகிறவர்கள் ஒரு பாடவேளையில் ஐந்தையும் தேடினால் பிழை அவர்களில்தான். "காட்டி", "பீ.எச்." போன்ற சொற்களைப் பிள்ளைகள் நிறத்தைப் பார்த்த பிறகு கொடுங்கள். முதலில் வரைவிலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் மிச்சமெல்லாம் சமையல் குறிப்புத்தான்.

மின்சுற்றில் நடப்பது இன்னும் எளிமையான விபத்து. ரோச் பல்ப் கிடைக்காமல் ஆசிரியர் எல்ஈடி வாங்குகிறார், பெரும்பாலும் வெள்ளை. ஒரு 1.5 வோல்ற் பற்றறியோடு பொருத்தினால் எரியாது. சிவப்பு எல்ஈடிக்கு ஏறத்தாழ 2 வோல்ற் வேண்டும், வெள்ளைக்கு 3. சிவப்புக்கு இரண்டு பற்றறியும் 100 ஓம் தடையும், வெள்ளைக்கு மூன்று பற்றறியும் அதே தடையும் சரியாக வரும். நீண்ட கால் நேர்முனைக்கு. மாறிப் பொருத்தினால் எரியாது, ஆனால் இந்த வோல்ற்றளவில் பழுதாகாது, திருப்பிப் போட்டால் சரி. தடை இல்லாமல் நேரே மூன்று பற்றறி கொடுத்தால் ஒருதரம் பிரகாசமாக எரிந்து போய்விடும். சின்ன வட்டப் பற்றறிகளை வகுப்புக்குள் கொண்டுவரவே வேண்டாம், விழுங்கினால் உயிருக்கு ஆபத்து.

அடுத்தது காலம். அலகுகளின் வரிசையை நூலில் உள்ளபடியே பின்பற்றினால் வன்னியில் சில செயற்பாடுகள் பொருந்தா. மழைமானி மூன்றாம் தவணைக்கு உரியது. மாரி ஒக்ரோபரில் தொடங்கி மார்கழி வரை நிற்கும். 1.5 லீற்றர்ச் சோடாப் போத்தலின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்து வைத்தால் புனல். போத்தலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டு, பக்கம் நேராக வரும் இடம்வரை நிரப்பி, அங்கே பூச்சியம் குறிக்கவேண்டும். இதை விட்டுவிட்டால் அளவு எல்லாம் பிழைக்கும். மரத்துக்கும் கூரைக்கும் தூரமாக வையுங்கள், மாடு தட்டாத இடமாகவும். குளத்து நீர்த்தாவரங்களையும் பூச்சிகளையும் பார்க்கிற அலகை மழைக்குப் பிறகு, தை மாசிக்குக் கொண்டுவாருங்கள். ஓகஸ்ட்டில் சின்னக் குளங்களில் வெடித்த மண்தான் இருக்கும். அலகின் வரிசையை மாற்றுவதற்கு அதிபரோடும் ஆலோசகரோடும் பேசி வேலைத்திட்டத்தில் எழுதி வைத்தால் போதும்.

வினாத்தாளைப் பற்றி. பாடத்தை மாற்றிவிட்டுத் தவணைப் பரீட்சையில் "காட்டி என்றால் என்ன?" என்று கேட்டால் அடுத்த தவணையே எல்லாரும் பழையபடி குறிப்பு எழுதத் தொடங்கிவிடுவார்கள், ஆசிரியரும்தான். மூன்று கிணறுகளின் தண்ணீரில் செவ்வரத்தைச் சாறு காட்டிய நிறத்தை அட்டவணையாகக் கொடுத்து, எது மிகவும் மூல இயல்பு உடையது, எப்படித் தெரியும், இன்னும் உறுதிப்படுத்த எதைச் செய்வாய் என்று கேளுங்கள். பாடசாலை மட்டக் கணிப்பீட்டிலும் சரியான நிறம் வந்ததற்குப் புள்ளி வேண்டாம். பார்த்ததைப் பார்த்தபடி பதிந்ததா, ஒப்பிட ஒரு கப் வைத்ததா, சொன்ன காரணம் பதிந்ததோடு ஒத்துப்போகிறதா என்ற மூன்றுக்கும் கொடுங்கள். பக்கத்துக் குழுவின் நிறத்தைப் பார்த்து எழுதுகிற பழக்கம் இதனால் மட்டும்தான் நிற்கும்.

செயலமர்வை வலயத்தில் வைக்காமல் பாடசாலையில் வையுங்கள். தூரக் கிராமத்தில் உள்ள ஒரு ஆசிரியர் வலயத்துக்கு வந்து போக ஒரு நாள் போகும். யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ்ஸில் வந்து படிப்பிக்கிறவர்கள் பின்னேரம் நான்கு மணி வரை இருக்கவும் மாட்டார்கள், அதைக் குறை சொல்லவும் முடியாது. பக்கத்துப் பக்கத்துப் பாடசாலைகள் மூன்று சேர்ந்து, மாதம் ஒரு தடவை, ஒன்றரை மணித்தியாலம், ஒரேயொரு செயற்பாடு. விஞ்ஞானம் படிக்காத ஆசிரியர் தரம் 6 க்கு விஞ்ஞானம் எடுக்கிற பாடசாலையில் இருந்து ஆளை முதலில் கூப்பிடுங்கள். பட்டதாரி ஆசிரியர் பேசிக்கொண்டே இருப்பார். சாமானை அவர் கையில் கொடுக்காமல் விஞ்ஞானம் படிக்காதவர் கையில் கொடுங்கள்.

இடமாற்றம் வந்தால் ஆசிரியரோடு எல்லாம் போய்விடும். அதனால் ஒவ்வொரு அலகுக்கும் மூடியுள்ள ஒரு பிளாஸ்ரிக் பெட்டி. உள்ளே கப், கரண்டி, வேட்டித் துண்டு, எல்ஈடி, தடை. மூடியின் உட்பக்கம் ஒரு தாளை ஒட்டி, என்ன இருக்கிறது, எவ்வளவு, எது முடிந்தால் எங்கே வாங்கலாம் என்று எழுதுங்கள். அதே தாளின் கீழே, எது பிழைத்தது என்றும் இரண்டு வரி: "கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கட்டிச் சவர்க்காரம் மட்டும்."