மாந்தோப்பு வெள்ளையாகும் உச்சிவெயில்

கிருஷ்ணகிரிப் பக்கம் பதினொரு மணி வெயில் ஏறிவிட்டால் பலரும் கேமராவைப் பையில் போட்டுவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத, சிவப்புக்கு அப்பாலுள்ள இன்ஃப்ராரெட் ஒளியில் எடுக்கும் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அந்த வெயில்தான் வேண்டும். மாமரங்கள் பஞ்சுப்பொதி மாதிரி வெளுத்து நிற்கும். நீலவானமும் கிருஷ்ணகிரி அணையின் தேங்கிய நீரும் கறுத்துவிடும்.

இது சூட்டைப் படம்பிடிப்பது இல்லை. இங்கே பதிவாவது, பட்டுத் திரும்பும் வெயிலின் ஒரு பகுதிதான். பச்சையம் சிவப்பொளியை விழுங்கும், அலைநீளம் 700 நானோமீட்டரைத் தாண்டிய ஒளியை, அதாவது இன்ஃப்ராரெட்டை, விட்டுவிடும். அது இலைக்குள் சிதறி வெளியே வருவதால் இலை வெள்ளையாகிறது. 1910-இல் இத்தகைய படங்களை வெளியிட்ட ராபர்ட் வுட்டின் பெயரால் இதை வுட் விளைவு என்கிறார்கள்.

முதலில் கேமராவைச் சோதியுங்கள். டிவி ரிமோட் விடுவது இன்ஃப்ராரெட் ஒளி; அதை லென்ஸுக்கு நேரே பிடித்துப் பட்டனை அழுத்தினால் திரையில் வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். மங்கலாகத் தெரிந்தாலும் போதும், படம் பதியும் நேரம்தான் கூடுதலாகும். வாங்க வேண்டியது, லென்ஸின் முன் மாட்டும் 720 நானோமீட்டர் ஃபில்டர். பார்வைக்குக் கறுப்புக் கண்ணாடி போலிருக்கும். அதனால் டிரைபாடில் வைத்து, ஃபில்டர் இல்லாமலே ஃப்ரேம் அமைத்து, ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டுப் பிறகு மாட்டுங்கள். இன்ஃப்ராரெட் ஒளி கூடும் இடம் சற்றே தள்ளியிருக்கும். லென்ஸின் துளையை எஃப் 8 அளவில் வைத்தால் பெரும்பாலும் அது ஈடாகிவிடும். அதற்காக இன்னும் சிறிய துளையான எஃப் 16-க்குப் போகாதீர்கள்: சில லென்ஸ்களில் படத்தின் நடுவே வெளிறிய வட்டம் விழும், துளை சுருங்கச் சுருங்க அது பளிச்சென்று தெரியும். எடிட்டிங்கில் அதைச் சுத்தமாக நீக்குவது கடினம்.

ஐஎஸ்ஓ 200, எஃப் 8, பத்து விநாடி என்று தொடங்கி, ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தில்) சிவப்பு சேனலை மட்டும் பாருங்கள். அது வலது ஓரத்தில் முட்டினால் இலையின் விவரம் போய்விட்டது என்று அர்த்தம். முப்பது விநாடி தேவைப்படும் கேமராக்களும் உண்டு. டிஎஸ்எல்ஆர் என்றால் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். பின்னாலிருந்து கசியும் ஒளி படத்தில் பட்டையாக விழும். காற்றடித்தால் இலை குழம்பிவிடும், காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

எல்லாரும் சறுக்கும் இடம் காட்சித் தேர்வு. மாமரத்தின் செம்புநிறத் தளிரும் கரும்பச்சை முற்றிலையும் இன்ஃப்ராரெட்டில் ஏறக்குறைய ஒரே வெள்ளை. தோப்பை மட்டும் எடுத்தால் வெறும் வெள்ளைக் குவியல்தான். நிழலில் நிற்கும் அடிமரம், பின்னால் ஒரு கருங்கல் குன்று, ஏதாவது ஒன்று குறுக்கே வர வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் உள்ள கல்திட்டைகள் (பலகைக் கற்களால் ஆன பழங்கால ஈமச்சின்னங்கள்) இதற்கு அருமையான இடம்: சாம்பல்நிறப் பலகைக் கற்களைச் சுற்றிப் புல் வெளுத்துக் கிடக்கும். ஒகேனக்கல் சாலைக் காட்டுக்குப் பங்குனியில் போகாதீர்கள், பாதி மரங்கள் மொட்டையாக நிற்கும். ஐப்பசி மழை ஓய்ந்து மேகம் கலைந்த நாள் பொருத்தம்.

கேமரா பதியும் ரா ஃபைலைக் கணினியில் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பு சேனலையே பெரிதும் நம்புங்கள். நீலத்தில் பெரும்பாலும் இரைச்சல்தான். பகிரும் முன் 2048 பிக்சலுக்குச் சுருக்கி, எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் ஜேபெக்காகச் சேமியுங்கள். கறுத்த வானத்தில் படிப்படியாகக் கோடு விழுந்தால் லேசாக கிரெய்ன் (புள்ளி இரைச்சல்) சேர்த்தால் மறையும். படத்தோடு ஃபில்டர் அளவு, லென்ஸ், துளை, விநாடி, எடுத்த மணி ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். குறிப்பாக லென்ஸின் பெயர். நடுவட்டம் விழுமா விழாதா என்று அடுத்தவர் தெரிந்துகொள்ள அதுதான் வழி.