ஒயின் ஆலைக்குள்ளே கச்சேரி மேடை: எங்கெங்கே இடிக்கும்?

நகரத்து நடுவில் ஒயின் தயாரித்து, அங்கேயே சாப்பாடும் கச்சேரியும் நடத்தும் இடங்களில் நன்றாகப் பெயர் வாங்கியது நியூயார்க்கின் சிட்டி ஒயினரி. நிட்டிங் ஃபேக்டரி என்ற இசைக்கூடத்தைத் தொடங்கிய மைக்கேல் டார்ஃப், 2008-ல் மன்ஹாட்டனின் வேரிக் தெருவில் இதை ஆரம்பித்தார். 2020-ல் ஹட்சன் கரையிலுள்ள பியர் 57-க்கு இடம் மாறியது. சொந்தத் தோட்டம் அவசியமில்லை. கலிபோர்னியா போன்ற இடங்களிலிருந்து குளிர்பதன லாரியில் திராட்சை வரும். சில்லென்று வந்த சாற்றில் உடனே ஈஸ்டைக் கொட்டக் கூடாது. ஈஸ்ட் கரைசலுக்கும் சாற்றுக்கும் 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஈஸ்டில் பெரும்பங்கு அங்கேயே செத்துவிடலாம்.

பெரிய தலைவலி கரியமில வாயு. ஒரு லிட்டர் சாறு புளித்து முடிப்பதற்குள் ஏறக்குறைய 60 லிட்டர் வாயுவைக் கக்கும். 1,000 லிட்டர் தொட்டி என்றால் 60 கன மீட்டர். 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள அறையை அது ஒன்றே நிரப்பிவிடும். காற்றைவிடக் கனமானதால் தரையோடு தேங்கும். கூரையில் மட்டும் எக்ஸாஸ்ட் மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம்தான் வரும். உறிஞ்சும் வாய் தரையோரம் இருக்க வேண்டும், வாயு அளவுமானி முழங்கால் உயரத்தில். அமெரிக்காவில் 8 மணி நேர வேலைக்கான வரம்பு 5,000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 5,000 பங்கு. 40,000 என்பது உயிருக்கே ஆபத்து. தொட்டி அறைக் காற்று அரங்கின் ஏசிக் குழாய்க்குள் எந்த வழியிலும் போகக் கூடாது.

அடுத்தது சத்தம். கச்சேரி நேரத்தில் தொட்டிகளைக் குளிர்விக்கும் இயந்திரத்தை அணைத்து வைக்கத் தோன்றும். வேண்டாம். சிவப்பு ஒயின் தொட்டி 35 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் சுருண்டு, சர்க்கரை மிச்சமிருக்கும்போதே நொதித்தல் நின்றுவிடும். அதன் கம்ப்ரசரை மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுவதே வழி. தொட்டியில் மேலே மிதக்கும் திராட்சைத் தோலை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை அமுக்கிவிட வேண்டும். கதவு திறக்குமுன் ஒரு தடவை, கூட்டம் கலைந்தபின் ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளலாம். காயவிட்டால் வினிகர் வாடை நிச்சயம். ஒயினை வினிகராக்கும் பாக்டீரியாவைப் பழ ஈக்கள் சுமந்து வரும் என்பதால், சமையலறைக் குப்பைத் தொட்டியும் தொட்டி அறையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கவே கூடாது.

லாபம் கெக்கில்தான், அதாவது ஒயினை அடைத்துக் குழாய் வழியே கிளாஸில் ஊற்றும் உலோகப் பீப்பாயில். 19.5 லிட்டர் கெக் என்றால் 26 பாட்டில். 150 மில்லி வீதம் 130 கிளாஸ். பாட்டில், கார்க், லேபிள் செலவெல்லாம் மிச்சம், திறந்து வைத்துக் கெட்டுப்போவதும் இல்லை. ஆனால் பழைய பீர் அமைப்பை அப்படியே ஒயினுக்குத் திருப்புவது வீண் வேலை. கரியமில வாயுவால் தள்ளினால் ஒயின் நாக்கில் சுருக்கென்று குத்தும். நைட்ரஜனோ ஆர்கானோ வேண்டும். முலாம் பூசிய பித்தளைக் குழாயை ஒயினின் அமிலம் அரித்து உலோகச் சுவை ஏற்றும். எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். சாதாரண பிளாஸ்டிக் குழாய் ஆக்சிஜனை உள்ளே விடும். இரவெல்லாம் குழாயில் நின்ற ஒயின் காலையில் அடிபட்ட ஆப்பிள் போல மணப்பது அதனால்தான். முதல் கிளாஸைக் கீழே ஊற்றிவிடுங்கள்.

பாட்டு தொடங்குமுன் முக்கிய ஆர்டர்கள் முடிந்துவிட வேண்டும். பிளெண்டருக்கும் காபி கிரைண்டருக்கும் அதற்குப் பிறகு ஓய்வு. பில்லை நிகழ்ச்சி முடிய அரை மணி இருக்கும்போதே, இரண்டு பாட்டுக்கு நடுவே மேசையில் வைத்துவிட்டால் வாசலில் நெரிசல் இருக்காது.